அரைக் கம்பத்தில் ஆனந்தராஜா

கொடி பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டது. மேலேயும் போகமாட்டேன், கீழேயும் வரமாட்டேன் என்று ஒரே அடம். ஆனந்தராஜா கயிற்றில் தொங்கியும் பார்த்துவிட்டார். உச்சியில் இருந்த கப்பி 'கிறீச்' என்று ஒருமுறை கத்தியதோடு சரி.

"அண்ணை, விடுங்கோ, கை உரியப்போகுது," என்றான் பேனாட்.

கொடி ஏற்றச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் அவன்தான். இவருக்கு இரண்டு வருஷம் முந்தியே டென்மார்க்குக்கு வந்தவன் என்பதால், இந்த நாட்டு வழக்கமெல்லாம் தெரிந்தவன் என்று ஒரு பெயர். "நல்லநாள் பெருநாளெண்டால் இவை கொடி ஏத்துவினம். அக்கா வாற நாள், நீங்களும் ஏத்துங்கோ" என்று கொடியையும் எங்கேயோ இரவல் வாங்கி வந்திருந்தான்.

"பாதியிலை நிண்டால் பரவாயில்லைத்தானே?"

பேனாட் தலையைச் சொறிந்தான். "பாதியிலை நிண்டால்... செத்தவீடெண்டு அர்த்தம், அண்ணை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்!"

"பிளேனாலை இறங்கி அவை ஏறின ரயில் வரப்போகுது. நான் போய் அக்காவையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு வாறன். அதுக்குள்ளை நீங்கள் எப்பிடியாவது..." சொல்லி முடிக்காமலே காரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

அது 1989 ஆனி மாதம். வைலேயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருந்த பழைய செங்கல் தெரு. எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு புல்தரை, அதில் ஒரு கொடிக்கம்பம். நிரஞ்சலாவும் மகள் சாரங்கியும் விசாவுக்காகக் கொழும்பில் காத்துக்கிடந்தது மூன்று வருஷம். எங்கட ஆக்களின் குடும்பக் கோப்பெல்லாம் யாரோ ஒருவரின் மேசை லாச்சிக்குள் நித்திரை கொண்ட காலம் அது.

அந்த மூன்று வருஷமும் ஆனந்தராஜா மனைவிக்குக் கடிதம் எழுதினார். "தங்கமான சனம். சொந்தக்காரரை மாதிரி. பின்னேரமெண்டால் முழுத் தெருவும் எங்கட வீட்டிலைதான்." தனிச்சுக் கிடக்கிறன் என்று எழுதினால் அவள் அங்கே அழுவாளே என்று எழுதின பொய். உண்மை என்னவென்றால், அந்தத் தெருவில் ஒருவரும் அவரோடு 'ஹை' என்பதற்கு மேல் கதைத்ததில்லை. அதுவும் நாய்க்குச் சொன்னதோ இவருக்குச் சொன்னதோ, ஆருக்குத் தெரியும்?

இப்போது அவள் வந்து, பூட்டின கதவுகளுக்கு முன்னால் இறங்கினால்? மூன்று வருஷக் கடிதமும் பொய்யாகிவிடும். சனம் வராவிட்டாலும் கொடியாவது வரவேற்கட்டும் என்றுதான் பாவி மனுஷன் ஏற்றப்போனார்.

"சரி, இது மங்கள வீடெண்டு காட்டினால் போச்சு," என்று வீட்டுக்குள் ஓடினார். வெள்ளை வேட்டி கட்டினார். வாசலில் நிறைகுடம் வைத்தார். குத்துவிளக்கை நாலு திரி போட்டுக் கொளுத்தினார்.

முன்வீட்டுத் தாடிக்காரன் பெனியனோடு வெளியே வந்தான். கொடியைப் பார்த்தான். பட்டப்பகலில் எரிகிற விளக்கைப் பார்த்தான். வெள்ளை வேட்டியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"கெட்டுது போ," என்றார் ஆனந்தராஜா.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு எமிலியாக் கிழவி. கறுப்புச் சட்டை, கையில் பூ. இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தக்... தக்..." என்று ஓவென்று அழுதாள். பஸ்சுக்கும் தக், பாணுக்கும் தக், எல்லாத்துக்கும் நன்றி சொல்லுகிற சனம் சாவுக்குமா சொல்லும் என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பின்னால் தெருவே பூவோடு வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தார். வேலை செய்கிற இறைச்சி ஆலையில் பொறுக்கின டேனிஷ் அவ்வளவையும் கூட்டிச் சேர்த்து, "மனிசி... மூண்டு மணி..." என்றார். பிளேன் என்ற சொல் வாய்க்கு வரவில்லை. வானத்தைக் காட்டி, "ஊ...ம்" என்று இரைந்தும் காட்டினார்.

எல்லாரும் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எமிலியா விம்மி விம்மி அழுதாள்.

'ஐயோ, பச்சை உயிரோடை வாறவளை மேலை அனுப்பிப்போட்டனே!'

அந்த நேரம் பார்த்துப் பேனாட்டின் கார் வந்து நின்றது. நிரஞ்சலா இறங்கினாள். இரண்டு பக்கமும் வரிசையாகச் சனம், கை நிறையப் பூ. ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். சாரங்கியின் கன்னத்தைத் தடவினார்கள்.

"இவ்வளவு சனமும் எனக்காகவோப்பா?" என்று கேட்டாள் நிரஞ்சலா. கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஓம்," என்றார் ஆனந்தராஜா. "உனக்காகத்தான்."

"நீங்கள் எழுதினது குறைவு."

அன்று தொடங்கியது அந்தத் தெருவின் உறவு. சாரங்கியைக் கேட்டால் இன்றைக்கும் ஒருநாள் முழுக்கச் சொல்லுவாள். வாசலில் தள்ளுவண்டிலுக்குள் குளிரில் நித்திரை கொள்ளும் குழந்தைகள், கயிற்றுக்கொடியில் காயும் ஆலை உடுப்புகள், படிக்கட்டில் பியர்ப் போத்தலோடு இருக்கும் தாடிக்காரன், பள்ளிக்கூடம் விட்டதும் எமிலியா கதவைத் திறக்கும்போது வருகிற கறுவா பண் மணம். அவளுக்குச் சைக்கிள் பழக்கியது தாடிக்காரன்தான். அவ்வளவு நல்ல சனம் இனி எங்கே வரப்போகுது!

ஆனந்தராஜாவுக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு முள். தாரம் செத்த அன்றைக்கே இரண்டாம் தாரம் இறக்கினவன் என்றல்லவா தெரு நினைக்கும்? எந்த முகத்தோடு போய் விளக்கம் சொல்லுகிறது?

அது போதாதென்று, அடுத்த வருஷமும் அதே திகதியில் தெருச்சனம் பூவோடு வந்து நின்றது.

"நான் வந்த நாளை ஞாபகம் வைச்சிருக்கினமே!" என்று நிரஞ்சலா கூறைச்சேலை கட்டிக்கொண்டு வடை சுட்டாள்.

தன்னுடைய திவசத்துக்குத் தானே வடை சுடுகிற பெண்சாதியை ஆனந்தராஜா குசினி வாசலில் நின்று பார்த்தார். அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. "இன்னும் ரெண்டு எடுங்கோ" என்று அவள் உபசரிக்க, எமிலியா வடையைக் கடித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

வருஷா வருஷம் இதே கூத்து. டேனிஷ் தண்ணீராய்க் கதைப்பது வீட்டில் சாரங்கி ஒருத்திதான். அவள் காதில் விழுந்தால் தாய்க்குப் போய்விடும் என்று, அன்றைக்கு மட்டும் அவளைக் கடைக்குத் துரத்திவிடுவார். பேனாட்டுக்கு மூச்சே விடமாட்டார். தான் குசினிக்குள் போய் ஒளிந்துகொள்ளுவார்.

ஐந்தாம் வருஷம் கடை பூட்டிக்கிடந்தது. சாரங்கி வெறும் பையோடு பாதியில் திரும்பி வந்துவிட்டாள். எமிலியா அவளைப் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்தபடி கனநேரம் ஏதோ சொன்னாள். கோப்பி கொண்டுவந்த ஆனந்தராஜா தட்டத்தோடு திரும்பிக் குசினிக்குள் போகப் பார்த்தார். முடிந்தது கதை. நிரஞ்சலா வேறு பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னவாம், பிள்ளை?" என்று கேட்டாள் நிரஞ்சலா.

சாரங்கி தகப்பனை அதிசயமாகப் பார்த்தாள்.

"அப்பா, நாங்கள் வந்த அண்டைக்கு விடிய இவவின்ரை புருஷன் செத்து, இவ ஒருத்தருக்குமே சொல்லேல்லையாம், அதுக்குள்ளை நீங்கள் கொடியை இறக்கி விளக்கும் வைச்சிட்டீங்களாம்; உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சதெண்டு தெருவெல்லாம் இண்டைக்கும் கேக்குதாம்."