இருநூற்று இருபத்தைந்து கிலோ

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் தன்னை யாரும் கூப்பிடக் கூடாது. ஹரிநாராயணன் படகு வாங்கியதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். அங்கே அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஜெனரல் மானேஜரே ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். ஓய்வுபெற்று வலியசாலை வீட்டோடு வந்துவிட்ட பிறகு, அவர் சொல்லி நின்றது மின்விசிறி ஒன்றுதான். அதுவும் கரண்ட் போன சமயம்.

கடினங்குளம் காயலில் அந்தப் பழைய ஃபைபர் படகு விலைக்கு வந்தது. காயலுக்கு நடுவில் போன் எடுக்காது என்று விற்றவர் ஒரு குறையாகத்தான் சொன்னார். ஹரிநாராயணன் அந்த இடத்தில் பேரத்தை நிறுத்திக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்டு அவருடைய மனைவி நாகலக்ஷ்மி சண்டை போடவில்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"நன்னாயிருக்கு. ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றாள்.

"நினைச்சபடி ஏறிண்டு போறதுக்கு அது பஸ் இல்லை, கேட்டியா. பின்பக்கம் தகடு அடிச்சிருக்கு. இன்ஜின் போக இருநூத்தி இருபத்தஞ்சு கிலோ. அதுக்கு மேலே ஒரு கிலோ ஏறப்படாது."

"யாரார் போறேள்?"

"நான் எழுபத்திரண்டு. வன்னியராஜ் அறுபத்திநாலு."

எழுபத்திரண்டு என்பது பொய்யல்ல. பதினோரு வருஷத்துக்கு முந்திய மருத்துவச் சான்றிதழில் அப்படித்தான் இருந்தது. வன்னியராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அந்தத் துறையில் படகு ஓட்டுகிறவன். அவனில்லாமல் முடியாது. ஹரிநாராயணன் கயிற்றை இழுத்தால் இன்ஜின் கிளம்புவதில்லை. தோள்பட்டைதான் கிளம்பும்.

"நான் அம்பத்தஞ்சு" என்றாள் நாகலக்ஷ்மி. "ஆக நூத்தித் தொண்ணூத்தொண்ணு. இன்னும் முப்பத்திநாலு மிச்சம் இருக்கே."

"பாதுகாப்பு சாமான்?"

"அது எத்தனை?"

இருபத்தைந்து கிலோவுக்குள் முடிகிற சமாசாரம் என்று அவருக்குத் தெரியும். "போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

அன்றைக்கே கடைக்குப் போனார். நாலு கிலோ நங்கூரம் போதும் என்றார் கடைக்காரர். ஹரிநாராயணன் இருபது கிலோவில் ஒன்று கேட்டார். கப்பலா என்று கேட்டதற்கு, பட்டியலில் அடுத்ததைப் படித்தார். இரும்புச் சங்கிலி, வடக்கயிறு, தூக்கிப் போட இரண்டு மிதவை வளையம், லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், கரையில் இடிபடாமல் படகின் பக்கத்தில் தொங்கவிடும் ரப்பர் உருளைகள் எட்டு.

நாகலக்ஷ்மி கூடத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"இதென்ன, பூசணிக்காய் மாதிரி எட்டு?"

"படகு துறையிலே மோதினா இது வாங்கிக்கும்."

"நாலு போறாதோ?"

"நாலு பக்கமும் மோதினா?"

"அதுவும் சரிதான்." கொஞ்சம் யோசித்தாள். "ஏன்னா, நங்கூரம் அறுந்து போனா?"

ஹரிநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் வேலையை அவள் மதித்தது அதுவே முதல் தடவை. மறுநாள் இன்னொரு நங்கூரம் வந்தது. முதலுதவிப் பெட்டி, இரண்டு டார்ச், தண்ணீர் இறைக்க வாளி, எல்லாம் அவள் சொல்லி வந்தவை. மொத்தம் எண்பத்தைந்து கிலோ.

"இப்போ கூட்டிப் பாரு. மிச்சம் நாலு கிலோ" என்றார், முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு.

"சாரமில்லை, நான் வரலை. பாதுகாப்புன்னா பாதுகாப்புதான்" என்றாள். "பழவங்காடிப் பிள்ளையார்கிட்டே கொண்டுபோய்த் தேங்காய் உடைச்சுட்டு வந்துடலாம். வண்டி வாங்கினா செய்யறதுதானே."

படகைப் பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டுவர முடியாது. சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டாயிற்று. நாகலக்ஷ்மி சொல்லி, அவர் சன்னதியில் நின்று சத்தியம் பண்ணினார்: இதில் ஒரு சாமான் குறைந்தாலும் படகை எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்ப அவளும் துறைக்கு வந்தாள், தூக்குச்சட்டியில் இட்லியோடு. வன்னியராஜ் சாமான்களை இறக்கி அடுக்கினான். ஹரிநாராயணன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார்.

"ஏன்னா, ஒரு நிமிஷம்" என்றாள் நாகலக்ஷ்மி. "போன மாசம் குருவாயூர்லே உங்களுக்குத் துலாபாரம் பண்ணினோமே. கதளிப்பழம் எத்தனை கிலோ ஆச்சு தெரியுமோ?"

அவருக்குத் தெரியாது. தராசுத் தட்டில் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். ரசீதை வாங்கியது அவள். இப்போது அது அவள் கைப்பையில் இருந்தது.

"எண்பத்திநாலு."

"பழத்திலே ஈரம் இருந்திருக்கும்."

"குருவாயூரப்பன் பொய்க் கணக்கு எழுதுவாரா? எண்பத்திநாலு, அறுபத்திநாலு, எண்பத்தஞ்சு. இருநூத்தி முப்பத்திமூணு. எட்டு கிலோ கூடுதல்."

"ஒரு நங்கூரத்தை இறக்கிட்டா மதி, கணக்கு சரியாயிடும்."

"பிள்ளையார் முன்னாலே என்ன சொன்னேள்?"

ஹரிநாராயணன் வன்னியராஜைப் பார்த்தார். அவன் இன்ஜினைப் பார்த்தான்.

"மாமி சொல்லுதது சரிதான் சார். அன்னைக்கு நீங்க ஏறுனப்பவே தண்ணி விளிம்பு வரைக்கும் வந்துட்டுல்லா."

"அப்போ இன்னிக்குப் படகு போகாதா?"

"ஏன் போகாது?" என்றாள் நாகலக்ஷ்மி. "நான் அம்பத்தஞ்சு. நான் ஏறினா இருநூத்திநாலுதான். அந்த ஜாக்கெட்டைக் கழட்டிக் கொடுங்கோ. கரையிலே நிக்கறவாளுக்கு அது எதுக்கு?"

கழற்றிக் கொடுத்தார். அவள் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கையைப் பிடிக்க ஆள் தேடாமல் ஏறி உட்கார்ந்தாள். தூக்குச்சட்டி மடியில் இருந்தது.

"அதையாவது வெச்சுட்டுப் போ."

"நீங்க எட்டு கிலோ குறையணுமே. இதை எப்படி உங்ககிட்டே விட்டுட்டுப் போறது?"

வன்னியராஜ் ஒரே இழுப்பில் இன்ஜினைக் கிளப்பினான். ஹரிநாராயணன் கயிற்றை அவிழ்த்துவிட்டார். எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய் என்று கேட்டார்.

"அதெல்லாம் சொல்ல முடியாது" என்றாள் நாகலக்ஷ்மி. "வந்ததும் கயிறு எறிவேன், பிடிச்சுக் கட்டணும். எங்கேயும் போயிடாதேங்கோ, கூப்பிடுவேன்."