வலக்கால் அடக்கிய படலம்

வாழ்க அவிநாசிபாளையத்து மகுடேஸ்வரன்! நூலைத் துணியாக்கி, துணியைப் பனியனாக்கி, பனியனைப் பெட்டிபெட்டியாய்க் கடல் தாண்டவிட்ட பெருந்தோளன்! தாய்லாந்து மொழியில் ஒரு சொல் தெரியாமலே பாங்காக் துணிச்சந்தையில் கடை திறந்த அஞ்சா நெஞ்சன்! அன்னவன் தன் வலக்காலோடு பொருத பெரும்போர் இது. வேலை இல்லாதவர்கள் கேளுங்கள்.

இருபதாண்டு கட்டிங் மேசை முன் நின்று நரம்பு புடைத்த கால் அது. உட்கார்ந்தால் போதும், எதிரில் இருக்கிற மேசை மேல் தானாக ஏறும். ஒரு புதன்கிழமை, திருப்பூர்க் கம்பெனியில் கோபுரமாய் அடுக்கிய நூல் கோன்கள் மேல் போனைச் சாய்த்து வைத்து, பாங்காக் கடையைப் பார்த்துக்கொள்ளும் தாய்லாந்துப் பெண் சுமாலியோடு வீடியோவில் பேசுகையில், ஏறிவிட்டது. துணைக்கு இடக்காலும் ஏறியது. கடலுக்கு அப்பால், சுமாலியோடு சேர்த்துக் கடைப்பெண்கள் ஐவர் கண்ணெதிரே, திரை நிறைய, வெடித்த உள்ளங்கால் இரண்டும் மலைமுகட்டில் இரட்டைச் சூரியன் போல் உதித்தன.

“பரவாயில்லை சார்” என்று ஓட்டை இங்கிலீஷில் சொல்லிச் சுமாலி சிரித்தாள். நம் வீரன் அதை நம்பினான். சிரிச்சவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு நினைக்கிறது நம்ம ஊர் மடத்தனம்.

மறுநாள் கடை திறக்கவில்லை. ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் தலைவலியாம். அதே சந்தையில் பத்து வருஷமாகக் கடை வைத்திருக்கும் சோமனூர் ராஜவேல் போனில் பிடித்துக்கொண்டான்.

“ஏனுங்கண்ணா, உள்ளங்காலைக் காட்டுனீங்களாமா? இங்க அதைவிடக் கேவலம் கெடையாதுங்க. சாவி அந்தப் பொண்ணுகிட்ட. ஏவாரிக வர்றதும் அது மூஞ்சிக்குத்தான். அது போனா கடை போச்சுங்க. நாளைக்குக் கூப்பிடுங்க. கத்தக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. கை கும்பிடோணும், கால் கீழ இருக்கோணும்.”

“ஒரு போனுக்கு மரியாதையா! இந்த மகுடேஸ்வரன் பணிவதா!” என முழங்கினான் கோமகன்.

“போன்ல ஆளு மூஞ்சி இருந்துச்சுங்களே. நம்மூர்ல மூஞ்சிக்கு நேரா காலை நீட்டுனா உட்டுருவாங்களா?” என்றாள் மனைவி சித்ரகலா. சொன்னதோடு நிற்காமல், ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக்கை ரெண்டு கஜம் வெட்டி, கணவனின் வலக்காலை நாற்காலிக் காலோடு கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்குப் போர் மூண்டது. கைகள் கூப்பி, தலை தாழ்ந்து, வாய் மன்னிப்பை ஓத, மேசைக்குக் கீழே கட்டுண்ட வலக்காலோ காங்கேயம் காளை மூக்கணாங்கயிற்றை இழுப்பது போல் இழுக்க, எலாஸ்டிக் நீள, நாற்காலி முனக, நெற்றி வியர்வை நாடியில் சொட்ட, ஏழு நிமிடம் அசையாது வீற்றிருந்தான் அண்ணல். திரையில் ஐவரும் சிரித்தபடியே இருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எவனுக்குத் தெரியும்!

எட்டாம் நிமிடம் எலாஸ்டிக் அறுந்தது. முழங்கால் மேசையின் அடிவயிற்றில் இடித்தது. நூற்கோபுரம் சரிய, போன் உருண்டு விழுந்து, அவன் பாதத்தின் மேலேயே, முகம் மேல்நோக்கிக் கிடந்தது. மறுபடியும் கால், இம்முறை கட்டைவிரலாய், திரை நிறைய எழுந்தது.

“போச்சு!” என்றாள் சித்ரகலா.

ஆனால் காலில் கத்திரிக்கோல் பட்டாலும் கணக்கு நோட்டுப் பட்டாலும் சின்ன வயசிலிருந்து அந்தக் கை என்ன செய்யுமோ, அதையே செய்தது. யோசிக்காமல் குனிந்தான். போனை எடுத்தான். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். பாங்காக் திரையில், மலை போன்ற ஒரு மூடிய இமை அருகே வந்து, விலகி, மறுபடி வந்தது.

அங்கே சிரிப்பு நின்றது. சுமாலி கை கூப்பினாள். மற்ற நால்வரும் கூப்பினர். முரசு இல்லை, சங்கு இல்லை. தையல் மெஷின்கள் மட்டும் அதிர, தலைக்கு மேல் காற்றாடி சுழல, வென்ற காலும் தோற்ற காலும் ஒன்றேயாகி நின்றான் பனியன்குலத் திலகம்!

சனிக்கிழமை கடை திறந்தது, எக்ஸ்எல் சைஸ் பனியன் தீர்ந்துபோச்சு என்று சுமாலி மெசேஜ் போட்டாள்.