பைலட் அங்கிளின் பிரேம்

யுத்த காலத்தில் கொழும்பில் சொந்தமாக ஹெலிகொப்டர் வைத்திருந்த ஒரே தமிழர் எங்கள் பைலட் அங்கிள்தான். அரசாங்கத்தின் ஹெலிகொப்டர்கள் பறந்தன, இவருடையது பறக்கவில்லை. அதைத் தவிர இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது அவருடைய கட்சி.

அவர் ஒருநாளும் விமானத்தில் ஏறியவரல்ல. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டின் முன்னறையில் நான் நாலு வருஷம் வாடகைக்கு இருந்தேன். மனைவி முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் அன்ரன் கப்பலில் வேலை செய்தவன். சிங்கப்பூரிலிருந்து அந்த ஹெலிகொப்டரைப் பெட்டியில் பாகம் பாகமாகக் கொண்டுவந்து பூட்டியவன் அவன்தான். ஆள் ஏறுகிற சாமான் அல்ல. சாப்பாட்டு மேசை நீளம், பெட்ரோலில் ஓடும் சின்ன எஞ்சின், கையில் பிடித்து இயக்கும் ரிமோட்.

அன்ரன் அதை ஒரேயொரு தடவை பறக்கவிட்டான். தரையில் இறங்கும்போது எஞ்சினைத் தாங்கும் பிரேமில் கீறல் விழுந்துவிட்டது. அடுத்த கிழமை கப்பலேறியவன் ஐரோப்பாவில் எங்கோ இறங்கி அங்கேயே நின்றுவிட்டான். முதல் கடிதத்தில், "பிரேமைப் பலப்படுத்தி வையுங்கோ அப்பா, வந்து பறக்க விடுவம்" என்று எழுதியிருந்தான்.

அப்பா பலப்படுத்தத் தொடங்கினார். நான் குடிவந்தபோது அது ஆறாவது வருஷம்.

துறைமுகக்காரர் அல்லவா, பாரமாக இருந்தால்தான் ஒரு பொருள் உறுதி என்பது அவர் படித்த பாடம். முதலில் கீறலுக்கு மேல் ஒரு அலுமினியத் தகடு வைத்தார். தகடு வைத்த பக்கம் சரிந்ததால் மற்றப் பக்கத்துக்கும் ஒன்று. இரண்டையும் இணைக்கக் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் பாரத்தில் கால்கள் விரிந்தன, ஆகவே தண்ணீர்க் குழாயில் புதிய கால்கள். பிறகு வால் தாழ்ந்தது. வாலுக்கு முட்டுக்கொடுக்க, உடைந்த புத்தக அலுமாரியின் இரும்புக் கோணங்கள். எஞ்சின் மட்டும் பழைய அதே சின்ன எஞ்சின்.

"தம்பி, ஹெலிக்கு மூண்டு எதிரி," என்பார் என்னிடம். "காத்து, தூசி, அதிர்வு. காத்தும் தூசியும் ஆண்டவர்ட கையில. அதிர்வு என்ட கையில."

சந்தியில் இரும்புக்கடை வைத்திருந்த நானாவிடம்தான் நட்டும் போல்ட்டும் வாங்குவார். ஒருநாள் இன்னும் தடித்த போல்ட் கேட்டபோது நானா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பைலட், நீங்க செய்றது ஹெலியா, வீட்டுக்கு இரும்பு கேட்டா? ரெண்டுல ஒண்ட செல்லுங்க."

அங்கிள் ஒரு கிழமை அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. எட்டாம் நாள் போய் அதே போல்ட்டை வாங்கிவந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பின்வளவில் பரிசோதனை. சுழலும் அலகுகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுவார். பிரேமின் மேல் ஒரு கிளாஸ் வெறுந்தேத்தண்ணி. தேத்தண்ணி தளும்பினால் அந்தக் கிழமை இன்னொரு தகடு. மின்வெட்டுக் காலமாகையால், அயலவர் சத்தத்தை ஜெனரேட்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். பரிசோதனை முடிந்ததும் அந்தத் தேத்தண்ணியை அவரே குடிப்பார். என் வேலை நேரம் காரணமாகப் பெரும்பாலான ஞாயிறுகளில் அந்த வீட்டில் வேறு ஆள் இருப்பதில்லை.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். தணிக்கை நடைமுறையில் இருந்த காலம். எழுதுவதில் பாதியைத் தணிக்கை அதிகாரி சிவப்பு மையால் வெட்டுவார். அந்த வயிற்றெரிச்சலை வீட்டுக்கு வந்து கொட்டுவேன். அங்கிள் கடைசிவரை கேட்டுவிட்டு, "உம்மட செய்திக்கும் பிரேம் பலமில்லைப் போல," என்பார்.

அக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பட்டியலைப் பொலிசில் பதிய வேண்டும். அங்கிளின் பட்டியலில் மூன்று பெயர்: அவர், நான், அன்ரன். இல்லாதவனை எழுதினால் வில்லங்கம் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

"இல்லையெண்டு ஆர் சொன்னது? வெளியில போயிருக்கிறான்."

வில்லங்கம் ஒரு ஞாயிறு காலை ஜீப்பில் வந்தது. சார்ஜன்ட் பட்டியலைப் பார்த்தார், எங்களை எண்ணினார், மூன்றாவது ஆள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். வெளிநாட்டில் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அங்கிளோ, மகன் வருவான், அவனுடைய சாமானைக்கூட அப்படியே வைத்திருக்கிறேன், பாருங்கள் என்று சொல்லி, சாட்சியாக ஹெலிகொப்டரையும் ரிமோட்டையும் தானே கொண்டுவந்து காட்டினார்.

சார்ஜன்ட்டோடு வந்த கான்ஸ்டபிள் ஒரு அடி பின்னால் போனார்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்ட சார்ஜன்ட்டின் கை இடுப்புக்குப் போயிருந்தது. அங்கிள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கீறல், தகடு, அதிர்வு என்று துறைமுகச் சிங்களத்தில் விளக்கினார். பறக்குமா என்பதுதான் சார்ஜன்ட்டுக்கு வேண்டியிருந்தது. பறந்தால் எடுத்துப்போவதாகவும், எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றுவதாகவும் சொன்னார். பூட்டி ஓட்டிக் காட்டச் சொன்னார்.

அங்கிள் அலகுகளைப் பூட்டினார். எஞ்சின் உறுமியது. கொடியில் கிடந்த என் சட்டை மதிலுக்கு அப்பால் போனது. சார்ஜன்ட்டின் தொப்பி பறந்தது. ஹெலிகொப்டர் பறக்கவில்லை. முழுவேகத்திலும் குழாய்க் கால்களை ஊன்றிக்கொண்டு மாதா சிலைபோல் அசையாமல் நின்றது.

சார்ஜன்ட் சிரித்துவிட்டார். எதற்கும் அதை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். கான்ஸ்டபிள் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறக்கிவைத்தார். கடைசியில் ரிமோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது பெயரை சார்ஜன்ட் பேனையால் அடித்துவிட்டிருந்தார்.

ரிமோட் போனதற்காக நான் ஆறுதல் சொல்லப் போனேன். அங்கிள் பிரேமைத் தடவிக்கொண்டிருந்தார். "ரிமோட் எங்கையும் வாங்கலாம் தம்பி. பிரேம் ஆடேல்லை, கண்டனீரே?"

அன்று பின்னேரம் வெளிநாட்டுக்கு அனுப்பும் நீலக் கடிதத்தாளோடு என் அறைக்கு வந்தார். அன்ரனிடமிருந்து மூன்று வருஷமாகப் பதில் இல்லை. தன் கையெழுத்து விளங்காததுதான் காரணம் என்பது அவருடைய முடிவு. "நீர் எழுதும். உம்மட எழுத்து வடிவு." கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னார்: "பிரேம் இப்ப ஆடுறேல்லை. பொலிசுக்கு முன்னால ஓடவிட்டுப் பாத்தாச்சு. இனி நீ வரலாம்." பிறகு எழுந்தார். "மிச்சத்தை, நடந்தது நடந்தபடியே எழுதும். நீர் பத்திரிகைக்காரன்தானே."

நடந்தபடி எழுதினேன். சார்ஜன்ட்டின் தொப்பியையும் மதில் தாண்டிய என் சட்டையையும் எழுதினேன். ஹெலிகொப்டர் தரையைவிட்டு எழும்பவேயில்லை என்றும் ஒரு வரி எழுதினேன். பிறகு அந்த வரியை நானே வெட்டினேன். என்னிடம் சிவப்பு மை இருக்கவில்லை. இருந்த மையால், ஒரு எழுத்தும் தெரியாதபடி, அழுத்தி வெட்டினேன்.