மூணு விசில் டார்ட்

அடுப்பில் ஏற்றியது வெந்ததா இல்லையா என்று கண்ணையும் மூக்கையும் கேட்காமல், குக்கர் விசிலைக் கேட்டு வளர்ந்த கூட்டம் நாங்கள். என் கல்யாணம் அதனால்தான் கெடப் பார்த்தது.

வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். கோவில்பட்டியிலிருந்து வந்து ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஸ்ரீபெரும்புதூரில் முருகேசனோடு வாடகை அறை. கம்பெனியில் எங்கள் லைனில் வேலை பார்த்த ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்கும் சம்மதம். பக்கத்து வல்லத்தில் அவள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனபோது அவள் அம்மாதான் குண்டு போட்டார்.

"எம் பொண்ணு நைட் ஷிஃப்ட் முட்சிட்டு வந்து உனுக்கு ஆக்கிப் போடணுமா? உன் கையால எதுனா செஞ்சி எட்த்துகினு வா. அப்பால பேசலாம்."

எனக்கு வெந்நீர் வைக்க வரும். (அதையும் சில நாள் தீய்த்திருக்கிறேன்.)

பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் 'மாம்பழ டார்ட்' கண்ணில் பட்டது. மைதா, வெண்ணெய், சர்க்கரை, மாம்பழம். நாலே சாமான். மாவைத் தட்டி, நடுவில் பழத்தை அடுக்கி, ஓரத்தை ஏனோதானோவென்று மடித்துவிட வேண்டும். கோணல்மாணலாக இருந்தால்தான் அழகாம். எனக்காகவே எழுதியது போலிருந்தது. ஓவன்தான் இல்லை.

"ஏலே, குக்கர்ல வையி," என்றான் முருகேசன்.

"எத்தன விசிலு?"

பத்திரிகையில் அதைப் போடவில்லை. பக்கத்து அறை ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். பழம் மெத்தென்ற சாமான், ரெண்டு போதும் என்றார் ஒருவர். மைதா லேசில் வேகாது, நாலு வேண்டும் என்றார் இன்னொருவர். பேசிப் பேசி மூணு என்று முடிவாயிற்று.

காத்திருந்தோம். ஒன்றுகூட வரவில்லை. தீயைக் கூட்டினேன். பக்கத்து அறையில் வெயிட்டை இரவல் வாங்கி மாட்டினேன். மூடியோரம் புகை கிளம்பியது.

"ஆவி வருது, இப்ப விசிலடிக்கும்," என்றான் முருகேசன்.

ரப்பர் நாற்றம் வந்ததும் பயந்துபோய் அணைத்தேன். உள்ளே கறுப்பாக ஒரு வட்டம். இது சரியாக வந்திருக்கிறதா, கெட்டுவிட்டதா? எங்களில் ஒருவரும் டார்ட்டை நேரில் பார்த்ததில்லை. பத்திரிகைப் படத்தோடு ஒப்பிட்டோம். மட்டமான அச்சில் அதுவும் கறுப்பாகத்தான் இருந்தது. நம்பிக்கையோடு டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

ஸ்டெல்லாவின் அம்மா அதை விரலால் தட்டினார். 'டொக்' என்றது.

"இன்னாப்பா இது?"

"டார்ட்டும்மா. குக்கர்ல வச்சேன். மூணு விசிலுக்குப் பாத்தேன், ஒண்ணுகூட வரலம்மா."

"தண்ணி ஊத்துனியா?"

"அதுல தண்ணி ஊத்தச் சொல்லலியே."

"தண்ணி இல்லாம எங்கேர்ந்துப்பா விசில் வரும்?"

எனக்கு நிஜமாகவே புரியவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபோது, அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார். அரிசியையும் குக்கரையும் முன்னால் வைத்தார்.

"மொதல்ல தண்ணி ஊத்து."

இப்போது எங்கள் வீட்டில் ஓவன் இருக்கிறது. டார்ட்டும் சுமாராக வருகிறது. ஆனால் அது 'டிங்' என்றதும் ஹாலிலிருந்து மாமியார் குரல் வந்துவிடும்.

"மாப்ள, அவசரப்படாத. ஒண்ணுதான் ஆயிருக்கு, இன்னும் ரெண்டு கீது!"