ஃபெரி மிஸ்ஸியிடம் ஒரு குறை

பினாங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு எத்தனையோ பேர் ஃபெரியில் போயிருப்பார்கள். வேலைக்குப் போனவர்கள், பெண் பார்க்கப் போனவர்கள், ரயிலைத் தவறவிடுவதற்கென்றே போனவர்கள். ஆனால் திட்டு வாங்குவதற்காகவே ஃபெரி ஏறிய மனுஷி இந்த உலகத்தில் ஒருத்தர்தான். எங்கள் ஃபெரி மிஸ்ஸி.

மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தும் நாக்கு மட்டும் அந்தப் பக்கமே ஒதுங்கி நின்றது. மனநல வார்டுகளில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். குள்ள உருவம், கனத்த கண்ணாடி, கையில் எந்நேரமும் ஒரு கறுப்புக் குடை. கொட்டும் மழையிலும் அதை விரித்து நான் பார்த்ததில்லை. பேசும்போது தரையில் தட்டுவதற்காகப் பிறந்த குடை அது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு முப்பது வயது. அதற்குள் இரண்டு முறை வார்டில் படுத்து எழுந்திருந்தேன். பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு பழைய பங்களாவில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்கள் பகலில் வந்து உட்கார ஓர் இல்லம் இருந்தது. அதன் தலைவி டத்தோ பட்டம் வாங்கியவரின் மனைவி, அதனால் எல்லோரும் டத்தின் என்று அழைப்போம். டத்தின் ஒருமுறை ஆஸ்திரேலியா போய் வந்தபோது, சாக்லேட்டோடு ஒரு யோசனையையும் கொண்டுவந்தார். நோயிலிருந்து மீண்டவர்களையே வேலைக்கு வைத்து, இன்னும் மீளாதவர்களுக்குத் துணையாக உட்கார வைப்பது. 'தோழமைப் பணியாளர்' என்று பெயரும் சூட்டினார். அந்தப் பெயரை அணிந்துகொண்டு நின்றவர்கள் இரண்டே பேர்: நானும் காதர் பாயும். எங்களை மேற்பார்வை செய்ய மிஸ்ஸி வந்தார்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்பவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணீர், வந்து போகிறவர்களுக்கு நீல நிறப் பிளாஸ்டிக் கோப்பையில். பிளாஸ்டிக் ஏன் என்று யாரும் சொன்னதில்லை. எறிந்தால் உடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். வேலையில் சேர்ந்த அன்று எனக்கும் காதர் பாய்க்கும் பீங்கான் வந்தது. காதர் பாய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் குடிக்காமல் பார்த்தார். "தம்பி, சூடு கைக்குத் தெரியுது பாத்தியா" என்றார்.

முதல் வாரம் மிஸ்ஸி எங்களை அழைத்துக்கொண்டு நேரே ஃபெரித் துறைக்குப் போனார். மேற்பார்வைக் கூட்டமாம்.

"ஏன் மிஸ்ஸி, ஆபீஸ்ல ரூம் இருக்கே?" என்றேன்.

"அறைக்குள்ள இருந்து கதைச்சா நான் நர்ஸ், நீ பேஷண்ட். ஃபெரியில எல்லாரும் பாசெஞ்சர். ஏறு."

மேல்தட்டு மரப்பலகையில் உட்கார்ந்தோம். கடல் அன்று ஆறிப்போன தேத்தண்ணீர் நிறத்தில் கிடந்தது. மிஸ்ஸி குடையைத் தட்டினார். "வேலை எப்பிடிப் போகுது?"

"எல்லாம் நல்லா இருக்கு மிஸ்ஸி" என்றோம் இருவரும், ஒரே குரலில், ஒரே ராகத்தில்.

மிஸ்ஸியின் முகம் கறுத்தது. "இந்தப் பாட்டை நான் எத்தினை வருஷம் வார்டில கேட்டனான் தெரியுமோ? டாக்டர் ரவுண்ட்ஸ் வரேக்க எல்லாக் கட்டிலும் இதைத்தான் பாடும். பாடினாத்தானே வீட்டுக்கு விடுவினம். இஞ்ச நான் டாக்டர் இல்லை. என்னைப் பற்றி ஒரு குறை சொல்லு. சொல்லாட்டி ஒருத்தரையும் இறங்க விடமாட்டன்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். பட்டர்வொர்த் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மிஸ்ஸி குடையைக் குறுக்கே நீட்டி எங்களை மறித்துக்கொண்டார். ஃபெரி ஊழியர் ஒருவர் வந்து, "மக்சிக், துருன்லா" என்று மரியாதையாகத்தான் இறங்கச் சொன்னார். மிஸ்ஸி அவரை நிமிர்ந்து பார்த்து, "பெலும் ஹாபிஸ் மீட்டிங்" என்றார். மீட்டிங் இன்னும் முடியவில்லையாம். அந்த மனிதர் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. ஃபெரி திரும்பியது. பினாங்கு வந்தது. பினாங்கு போனது. இரண்டு கரையும் மாறி மாறி எங்களைப் பார்த்துச் சிரித்தன.

கடைசியில் காதர் பாய்தான் தாங்காமல் உடைந்தார். "மிஸ்ஸி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசுறப்ப எச்சி தெறிக்குது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மிஸ்ஸி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "நல்லது. இது குறை. இப்ப நீ சொல்லு."

"உங்க குடைச் சத்தம் எனக்கு வார்டு பூட்டுச் சத்தம் மாதிரி கேக்குது மிஸ்ஸி."

அதைக் கேட்டு மிஸ்ஸி சிரிக்கவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது தரையைத் தட்டவேயில்லை.

வாராவாரம் இப்படித்தான். எச்சிலில் தொடங்கிய பேச்சு மெல்ல உண்மையான இடத்துக்கு வந்து சேரும். ஒருமுறை காதர் பாய், தான் துணையிருந்த ஒரு டீச்சரைப் பற்றிச் சொன்னார், "அந்த டீச்சரோட உக்காந்துட்டு வீட்டுக்குப் போனா, அவங்க பாக்குற சுவரு என் கண்ணு முன்னாடி வந்து நிக்குது மிஸ்ஸி." டத்தினாக இருந்தால் உடனே, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டிருப்பார். மிஸ்ஸி கேட்டது வேறு. என்னைக் காட்டி, "நாளைக்கு அவவோட இந்தத் தம்பி இருக்கட்டும். நீ ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரு. காணுமோ?" போதுமா என்று கேட்டார், அவ்வளவுதான். காதர் பாய் தோளைத் தளர்த்தியதை நான் பார்த்தேன். உதவி என்றால் என்னவென்று அன்று ஃபெரியில் தெரிந்துகொண்டேன்.

மாத்திரை விஷயத்தில் மிஸ்ஸி பொல்லாதவர். ஒருநாள் டத்தின் எல்லோர் முன்னிலையிலும் காதர் பாயைக் கன்னத்தில் தட்டாத குறையாக, "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா காதர்?" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல். "டத்தின், உங்கட பிரஷர் மாத்திரை போட்டனீங்களோ? காலமை வயிறு போச்சுதோ?"

டத்தினுக்கு அன்று பிரஷர் ஏறியிருக்கும், மாத்திரை போட்டிருந்தாலும்.

பைத்தியம் என்று பொருள்படும் 'விசர்' என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் உச்சரித்த ஒரே ஆளும் மிஸ்ஸிதான். கமிட்டி வந்து போகிறவர்களைச் 'சிறப்பு நண்பர்கள்' என்று அழைக்கும், நீலக் கோப்பையும் கொடுக்கும். மிஸ்ஸி, "விசர்க் கதை கதையாதே" என்று எல்லோரையும் ஏசுவார். எங்களை, தபால்காரரை, ஒருநாள் டத்தினையும். அதில் ஒரு சமத்துவம் இருந்தது.

அந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெலுகோரிலிருந்து வருவார், சரோஜா என்று பெயர். நாற்காலியைச் சுவருக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவார், வாயே திறக்கமாட்டார். காதர் பாய் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு தகர டப்பாவில் வேர்க்கடலை உரிப்பார். தானும் பேசமாட்டார். உரித்ததில் பாதியைப் பின்பக்கம் ஒரு தட்டில் வைப்பார். மாதக்கணக்கில் இதுதான் வேலை. காதர் சம்பளம் வாங்கிக்கொண்டு கடலை தின்கிறார் என்று டத்தின் கமிட்டியில் சொன்னார். ஒருநாள் சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

"இது சொத்தை."

காதர் பாய் திரும்பவில்லை. "அப்படியா டீச்சர்? தூக்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கடலையை உரித்தார். அந்த வாரம் ஃபெரியில் இதைச் சொல்லும்போது அழுதார். மிஸ்ஸி தானும் மூக்கைச் சிந்திக்கொண்டே, "சரி, சரி, இண்டைய குறையைச் சொல்லு" என்றார்.

பிறகு வந்தது திறந்த இல்ல விருந்து. பெரிய மனிதர்கள் வந்து பார்த்து நன்கொடை கொடுக்கும் நாள். மூன்று நாள் முன்னதாகவே ஒத்திகை. மேடையில் ஒருபக்கம் சரோஜா டீச்சர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், மறுபக்கம் காதர் பாய் டை கட்டி நிற்க வேண்டும். முன்பு, பின்பு. எண்ணெய் விளம்பரத்தில் வழுக்கைத் தலையும் முடித் தலையும் நிற்குமே, அப்படி.

"காதர், அந்தச் சூலியா தெரு கதையைச் சொல்லுங்க" என்றார் டத்தின். காசு மாற்றும் கடையில் கௌரவமாக உட்கார்ந்திருந்த மனிதர், நோய் முற்றிய ஒரு பகலில் கைலி இல்லாமல் சூலியா தெருவில் ஓடிய கதை. ஃபைலில் இருந்தது. "உருக்கமா சொல்லணும், என்ன? ஆளுங்க அழுதாத்தான் கை பைக்குள்ள போகும்லா."

"அது மட்டும் வேணாம் டத்தின்."

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"வேணாம்னு சொல்றேன்ல."

"சரி, நீங்க நில்லுங்க, போதும். கதையை நானே சொல்றேன்."

காதர் பாய் கையிலிருந்த கடலை டப்பா விழுந்தது. அது விழுந்ததா எறியப்பட்டதா என்று கமிட்டி பிறகு நெடுநேரம் ஆராய்ந்தது. கடலை மேடையெங்கும் சிதறி ஓடியது. காதர் பாயின் குரலை அவ்வளவு உயரத்தில் நாங்கள் யாரும் கேட்டதில்லை. "என் மானம் என்ன உங்க உண்டியலாம்மா? ஆளாளுக்கு வந்து ஆட்டிப் பாக்குறதுக்கு?"

டத்தின் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார், "மாத்திரையை விட்டுட்டார் போல."

மறுநாள் காலை காதர் பாயின் தேத்தண்ணீர் நீலப் பிளாஸ்டிக்கில் வந்தது. கடிதம் இல்லை, விசாரணை இல்லை. கோப்பை மாறியது, அவ்வளவுதான். பணியாளர் மறுபடியும் நோயாளி. காதர் பாய் அதைக் குடிக்கவுமில்லை, எறியவுமில்லை. எறிந்தால் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அன்று மாலை கமிட்டி கூடியது. காதருக்கு நோய் திரும்பிவிட்டது என்று மிஸ்ஸி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நானும் மூலையில் நின்றேன். மிஸ்ஸி தன் கையாலேயே தட்டை ஏந்தி வந்து எல்லோருக்கும் தேத்தண்ணீர் வைத்தார். டத்தினுக்கு வைத்தது நீலக் கோப்பை.

"என்ன மிஸ்ஸி இது?"

"பயப்பிடாதேங்கோ, எறிஞ்சா உடையாது." பிறகு நேராக நிமிர்ந்து நின்றார். "காதருக்கு ஒரு நோயும் இல்லை. கோபம். உங்களுக்கு வாறது போல, எனக்கு இப்ப வாறது போல. நீங்கள் கத்தினா அது கோபம், அவன் கத்தினா அது நோயோ? அவனுக்கு இந்த வேலை வேணும். அந்த டீச்சருக்கு அவன் வேணும்!" குடை தரையை இடித்தது. எத்தனையோ வாரம் அடக்கி வைத்திருந்த இடி.

டத்தின் எழுந்து வந்து மிஸ்ஸியின் தோளில் கை வைத்தார். குரல் தேனாக இருந்தது. "மிஸ்ஸி, நீங்க ரொம்ப டென்ஷனா இருக்கீங்க. வயசும் ஆச்சு. ஒரு நல்ல டாக்டரைப் பாருங்களேன்? கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க."

மிஸ்ஸி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எங்களுக்குப் பழகிப்போன அந்தக் கதவு அவர் முகத்தில் சாத்தப்படுவதை நான் பார்த்தேன். இனி எதைச் சொன்னாலும் அது அறிகுறி.

மிஸ்ஸி, காதர் பாய் இரண்டு பேருக்கும் வேலை போனது. மறுநாள் நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதை என் பழைய ஃபைலில், நோய்க் குறிப்புகளுக்கு அடுத்து வைத்துக்கொண்டதாகக் கேள்வி. விருந்து நன்றாக நடந்ததாம். ஆட்கள் அழுதார்களாம்.

அந்த வாரம் ஃபெரித் துறையில் மூன்று பேரும் நின்றோம். யாரும் யாரையும் அழைக்கவில்லை, கால்கள் வந்துவிட்டன. மேல்தட்டில் அதே பலகை. கடல் மட்டும் கூச்சமில்லாமல் மினுங்கியது. பட்டர்வொர்த் நெருங்கியதும் மிஸ்ஸி எழுந்தார்.

"எப்படி இருக்கீங்க மிஸ்ஸி?" என்றேன்.

"எல்லாம் நல்லா இருக்கு தம்பி."

காதர் பாய் எழுந்து போய், மிஸ்ஸியின் கையிலிருந்து குடையை மெல்ல வாங்கி, வழியில் குறுக்கே நீட்டிக்கொண்டார். "உக்காருங்க மிஸ்ஸி. ஒரு குறை சொல்லுங்க. சொல்லாம இறங்க முடியாது."

"விசர்க் கதை கதையாதே காதர். வழியை விடு."

"மக்சிக்..." என்று தொடங்கினார் அந்த ஊழியர்.

"பெலும் ஹாபிஸ் மீட்டிங்" என்றோம் நாங்கள் இருவரும், ஒரே குரலில்.

ஃபெரி திரும்பியது. பாதிக் கடலில் மிஸ்ஸி சொன்னார், "உன்ர கடலைத் தோல் முழுக்க என்ர ஹேண்ட்பேக்குக்குள்ள கிடக்கு."

"அது குப்பை மிஸ்ஸி. நான் குறை கேட்டேன்."

இன்னொரு முறை போய்த் திரும்பினோம். மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன், ரொம்பச் சின்ன முகம்.

"இவ்வளவு காலம் வேலை செய்தன். உனக்கு என்ன குறை எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

காதர் பாய் குடையை எடுத்து வழிவிட்டார். அதற்குப் பிறகும் மிஸ்ஸி இறங்கவில்லை.

காதர் பாய் சூலியா தெருவுக்கே திரும்பி, மருமகனின் கடையில் உட்கார்ந்தார். சரோஜா டீச்சர் அங்கேயும் வருவாராம், கடலையில் சொத்தை பொறுக்க. மிஸ்ஸி சிரம்பானில் தங்கையின் வீட்டுக்குப் போனார். ஒரு மழைக்காலத்தில் அங்கேயே முடிந்துபோனார். செய்தி தாமதமாக வந்தது. எங்களைக் கேட்காமல் போனது குறைதான்.

நான் இப்போதும் சில மாலைகளில் காரணமின்றி ஃபெரியில் ஏறி, இரண்டு கரைக்கும் நடுவே போய்ப் போய் வருகிறேன். மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டிய அந்தக் குறையை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இறங்கிப் போகச் சொல்லிவிடுவார்.