தண்ணீர் வளர்த்த கதை

கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் முதல் மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாலே பாதி அவமானம் மிச்சம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், ஏனென்றால் அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை. (ரசம் வைக்கத் தெரியாது. மாட்டுக்குப் பக்கத்தில் போகத் தெரியாது. அதையெல்லாம் நான் விஷயமாகவே நினைக்கவில்லை.)

என் சீர்வரிசையில் கட்டில், பீரோ, பித்தளைக் குடங்களோடு ஒரு கண்ணாடி மீன்தொட்டியும் இருந்தது. பெரம்பூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு லாரியில் வந்த சாமான்களில் அது ஒன்றுதான் வைக்கோல் மெத்தையில் படுத்துக்கொண்டு சொகுசாக வந்தது. என் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். அம்மா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். சாயந்திரமானால் அப்பாவும் நானும் மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசுவோம். மீனைப் பார்த்துக்கொண்டே பேசினால் எதையும் பேசிவிடலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அந்தத் தொட்டி வெறும் தொட்டி இல்லை. அது வந்துவிட்டால் பாதி அப்பா வந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி கிளம்பும்போது அப்பா படித்துப் படித்துச் சொன்னார். மணல் போடு, செடி நடு, தண்ணீர் ஊற்று, ஆனால் மீன் விடாதே. மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேற வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு மேலே ஆகும். அவற்றுக்குத் தீனியாக அவ்வப்போது ஒரு சிட்டிகை சென்னாக்குனிக் கருவாடு போடு. தண்ணீர் முதலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுக்கும். பிறகு தானாகத் தெளியும். கல்லைத் தொட்டால் வழுக்கும். அப்போது சொல்லியனுப்பு, நானே மீன் கொண்டுவருகிறேன். "தண்ணி பழுக்கணும்மா. அவசரப்படாதே" என்றார்.

இதில் 'தண்ணீர் தெளியும்' என்பதும் 'நானே கொண்டுவருகிறேன்' என்பதும் மட்டும்தான் என் மண்டையில் ஏறின.

புகுந்த வீட்டில் என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, இரண்டு மாடுகள். வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் உரக்கடையில் வேலை. மாமனார் இல்லாததால் ஊருக்கு வெளியே இருந்த நிலத்தை அத்தையே பார்த்துக்கொண்டார். அத்தை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். தினமும் காலையில் குடத்தில் நேற்றுத் தண்ணீர் சொட்டு இருந்தாலும் கீழே ஊற்றிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிப்பார். வெள்ளிக்கிழமையானால் வீட்டில் இருக்கிற பாத்திரம் எல்லாம் புளி போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மின்ன வேண்டும். அப்படிப்பட்டவரின் கூடத்தில், சாமி படத்துக்கு எதிரே, நான் ஒரு தொட்டி கலங்கல் தண்ணீரை வைத்து அதில் கருவாடு போட்டுக்கொண்டிருந்தேன்.

தெரு முழுக்க வந்து பார்த்தது. மீன் எங்கே என்று கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விளக்கினேன். இப்போது மீன் கிடையாது, முதலில் தண்ணீர் தயாராக வேண்டும், இது சயின்ஸ். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே போய், மெட்ராஸ் பெண் தண்ணீர் வளர்க்கிறது என்று சொன்னார்கள். இல்லாத மீனுக்குக் கருவாடு வேறு போடுகிறதாம். அத்தையிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி சிலர் விசாரித்தார்கள். அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு தொட்டியைத் தாண்டிப் போவார், திரும்பி வருவார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நான் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். தண்ணீர் அப்பா சொன்ன மாதிரியே வெளுத்துப்போய், ஒரு வாடையும் கிளம்பியது. அந்த வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு. வீட்டுக்காரர் என்னைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் போன முதல் இடம் அது. (கொண்டை ஊசி வளைவுகளில் நான் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே போனதால், இயற்கைக் காட்சி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.) வெள்ளிமலைப் பக்கம் ஒரு ஓடையில் அவர் பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கி, தொட்டிக்கென்று ஒரு கை பாசிச்செடி பறித்து ஈரத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். பூ வாங்கிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்தால், தொட்டி ஜொலிக்கிறது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. வாடையும் இல்லை. செடிகள் எல்லாம் வரிசையாக, ஒரு சாண் இடைவெளியில், சிப்பாய்கள் மாதிரி நிற்கின்றன.

நான் குதித்தேன். அத்தை அடுப்படி வாசலில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா, நல்லாக்குதா?"

"ரொம்ப நல்லாருக்குங்க அத்தை. எங்கப்பா எப்படி ஆவணும்னு சொன்னாரோ அப்படியே ஆயிடுச்சு."

"அவரே சொன்னாரா?" என்று அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். என் தண்ணீர் பழுத்ததற்கு அவரும் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு அப்படி ஒரு நெகிழ்ச்சி.

செடிகள் ஏன் வரிசையாக நிற்கின்றன என்று வீட்டுக்காரர் கேட்டார். தண்ணீர் பழுத்தால் வேர்கள் ஒன்றையொன்று தேடிப் போய்த் தானாக வரிசையாகிவிடும் என்று நான் சொன்னேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொன்னேன். நெல் நட்டுப் பிழைக்கிற தெருவில் ஒருவர் விடாமல் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வியப்பில் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் உரக்கடையிலிருந்து அப்பாவின் பள்ளிக்கூடத்துக்கு ட்ரங்க் கால் போட்டேன். லைன் சரியில்லாததால் கத்திப் பேச, கடைவீதி மொத்தத்துக்கும் என் தண்ணீர் தெளிந்த செய்தி போய்ச் சேர்ந்தது. அதுக்குள்ளேயா என்று அப்பா இழுத்தார். இந்த ஊர்த் தண்ணீரே வேறு என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. படிப்பிலும் வேலையிலும் பிள்ளைகளுக்கு இடம் கேட்டு, சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டு பஸ் ஏறிவிட்டார். விடிந்தபோது உளுந்தூர்பேட்டையிலிருந்து இந்தப் பக்கம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டாகிவிட்டது. போலீஸ் வண்டிகள் போயின. எங்கேயோ சுட்டுவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. அப்பா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்தேன். ஒரு மீனுக்காக அப்பாவை ரோட்டில் இழுத்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தியாகதுருகம் பக்கம் தேடப் போய்விட்டார். அத்தை சோறு ஆக்கி வைத்துவிட்டு, அவரும் சாப்பிடாமல் என் பக்கத்தில் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அவருடைய புடவையிலிருந்து புளி வாசம் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இருட்டுகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, கேரியரில் ஒரு அலுமினியப் பால் கேன், பின்னால் நொண்டிக்கொண்டே அப்பா. எலவனாசூர்கோட்டையோடு பஸ் நின்றுவிட்டதாம். கேனைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். மரம் விழுந்து கிடந்த இடத்திலெல்லாம் நின்று, மூடியைத் திறந்து, மீனுக்குக் காற்றுப் போகக் கையால் தண்ணீரை அலசிவிட்டு, மறுபடி நடந்திருக்கிறார். மறியலில் இருந்தவர்கள்தான் கேனை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்தார்களாம். "பொண்ணு வூட்டுக்கா போறீங்க பெரியவரே, வெயில்ல நிக்காம போங்க, மீனு செத்துடும்" என்று ஒருவர் துண்டை நனைத்துக் கேன் மேல் போட்டிருக்கிறார். அந்தத் துண்டு கேன் மேலேயே இருந்தது.

அப்பாவின் கால் வீங்கி அவர் படுத்துவிட்டதால், மீன் விடுகிற விழாவுக்கு நானே தலைமை தாங்கினேன். கப்பி, மோலி, ஒரு ஜோடி ஏஞ்சல். தெரு கூடிவிட்டது. மறுநாளும் பஸ் இல்லை, வேலை இல்லை, ஊரே எங்கள் கூடத்தில் இருந்தது. வந்தவர்கள் பொரி போட்டார்கள். நான் தடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்றேன். பழுத்த தண்ணீர் எதையும் தாங்கும் என்று ஒரு பேருரை ஆற்றினேன்.

அதற்கு மறுநாள் காலை மோலி இரண்டு மல்லாந்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. முன்தினம் கேட்ட கூட்டம் அப்படியே திரும்பி வந்து நின்றது. அப்பா நொண்டிக்கொண்டு வந்து தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கல்லைத் தேய்த்துப் பார்த்தார். கல் கறக் கறக் என்றது. பிறகு செடிகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரும்மா நாத்து நட்டது?"

அடுப்படியிலிருந்து அத்தை பெருமையாக வந்தார். "நான்தான் சம்மந்தி. ஒரே கொழகொழன்னு, நாத்தம் வேற. பாவம், பொண்ணு மலைக்குப் போயிருந்திச்சி, வந்தா சந்தோஷப்படட்டுமேன்னு மணல அலசி, கல்லு கண்ணாடி எல்லாம் புளி போட்டுத் தேச்சி, கெணத்துத் தண்ணி ஊத்தி, செடியக்கூட வாட்டமா நட்டு வெச்சேன். நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சின்னு குதிச்சிது."

கூட்டத்தில் யாரோ, "வேரு தானா தேடிக்கினு போச்சின்னு சொன்னீங்களே" என்று கேட்டார். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று காலுக்குக் கீழே பார்த்தேன். சிமெண்டுத் தரை, பிளக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. மிதந்த மீனைப் பார்க்கிறார், தன் கையைப் பார்க்கிறார். "நான் கொன்னுட்டனா?" என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை நாள் என்மேல் வெறுப்பு என்று நான் நினைத்தவரின் கை அது. எடுத்த வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் வாயை மூடியது அதுதான் முதல் தடவை.

அப்பாதான் பேசினார். "இல்லம்மா. இனிமே உங்க கைதான் காப்பாத்தணும்."

விஷத்தைத் தின்னும் உயிர்கள் வருகிறவரை காலையும் மாலையும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது, மணலைத் தொடக் கூடாது என்றார். தண்ணீர் மாற்றுவதில் அத்தையை அடித்துக்கொள்ள அந்த ஜில்லாவில் ஆள் இல்லை. தேய்க்காமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டம். வெள்ளிக்கிழமை வந்தபோது பாத்திரமெல்லாம் தேய்த்துவிட்டு, புளிக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மறியல் முடிந்து பஸ் ஓட ஒரு வாரமானது. பஸ் ஓடியும் கால் சரியாகவில்லை என்று அப்பா மேலும் சில நாள் இருந்தார். சாயந்திரமானால் அவரும் நானும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம், பெரம்பூரில் மாதிரியே. ஒருநாள் கேட்டேன், இவ்வளவு சீக்கிரம் தண்ணீர் பழுக்காது என்று உங்களுக்குத் தெரியாதா என்று. மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தெரியும். வர்றதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?"

ஏஞ்சல் ஒன்றும் கப்பிகள் கொஞ்சமும் பிழைத்தன. அப்பா ஊருக்குப் போய் வெகுநாள் கழித்து ஒரு காலை, அத்தை என்னைக் கூப்பிட்டார். தொட்டிக்குள் விரலை விட்டுக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க வழுக்கலைக் கண்டால் துடைப்பத்தோடு பாய்ந்தவர், "வழுக்குதுடி" என்றார். குழந்தை மாதிரி சிரித்தார். நானும் தடவிப் பார்த்தேன். வழுக்கியது. அழுதுவிட்டேன்.

தெருவுக்கு நான் இன்றைக்கும் தண்ணீர் வளர்த்தவள்தான். அது பழகிவிட்டது. வீட்டுக்குள் வேறு ஒரு பேச்சு உண்டு. போன வருஷம் என் மகனுக்குக் கல்யாணமானது. கோயம்புத்தூர்ப் பெண், அறையை விட்டு அதிகம் வெளியே வராது, சாமான்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளிலேயே வைத்திருக்கும். ஒருநாள் அதுவும் என் மகனும் கல்வராயன் மலைக்குக் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்தால் சந்தோஷப்படட்டுமே என்று, பெட்டிகளைப் பிரித்து பீரோவில் அழகாக அடுக்கிவைக்க, வாளியும் துணியுமாக அந்த அறை வாசலுக்குப் போனேன்.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. வாளிச் சத்தம் காதில் விழுந்ததும், தலையைத் திருப்பாமலே கேட்டார்:

"இன்னாடி, புளி எடுத்துக்கினியா?"

வாளியைக் கொல்லையில் வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.