ஜட்ஜ் துரையின் நாற்காலி

ஏலத்தில் சாமான் எடுக்கிறவனுக்குக் கண் உண்டு, காது உண்டு, புத்தி மட்டும் கிடையாது. என்னை வைத்தே சொல்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயதில் அந்தப் பைத்தியம் பிடித்தது. (இன்னும் விட்டபாடில்லை. வீட்டில் நிற்க இடமில்லை என்று என் மனைவி சொல்வதும் நியாயம்தான்.)

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் உத்தியோகம் முடிந்து சீமைக்குக் கப்பலேறும்போது, அடையாற்றுப் பங்களாக்களில் ஏலம் போடுவார்கள். கட்டில், அலமாரி, விளக்கு, மான்கொம்பு எல்லாவற்றையும் புல்தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் நம்பர் சீட்டு ஒட்டியிருக்கும். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் நான் மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய்விடுவேன். மற்றவர் கண்ணில் படாத புதையல் ஒன்று எனக்கென்று எங்கோ காத்திருக்கிறது என்பது என் திடமான நம்பிக்கை. அதுவரை சேர்ந்த புதையல்கள்: பூட்ஸ் கழற்றும் கட்டை ஒன்று, எதற்கென்றே தெரியாத பித்தளைத் திருகு ஒன்று, ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்று.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தங்கை கோமளத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், ஆறு மாதமாக மூச்சு விடாமல் இருந்த அது திடீரென்று மணி அடிக்க ஆரம்பித்தது. நாற்பது வரை எண்ணினேன். பிள்ளையின் அம்மா அபசகுனம் என்று காதைப் பொத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து அப்பா என்னோடு அளந்துதான் பேசினார்.

இப்படியிருக்கும்போதுதான் அந்த நாற்காலி அகப்பட்டது. ஜட்ஜ் ஒருவருடைய பங்களா. கறுத்த மரம், அகலமான கைகள், உட்காரும் இடம் தடித்த பலகை. பலகைக்குக் கீழே நாலு பக்கமும் பெட்டி போல அடைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கொக்கி, பழைய பாலிஷில் இறுகிப் போய், எத்தனை இழுத்தும் அசையவில்லை. ரகசிய அறை என்று என் மனம் துள்ளியது. பட்லரை விசாரித்தேன்.

"துரை தெனம் காலைல எந்திரிச்சதும் மொத மொத இதுலதான் குந்துவாரு" என்றார் அவர். "அரை மணிக்கு யாரும் கிட்ட போவக்கூடாது. பேப்பர் படிப்பாரு."

எத்தனை பேருடைய தலையெழுத்து இதில் உட்கார்ந்து யோசிக்கப்பட்டதோ என்று எனக்குப் புல்லரித்தது. என்னோடு போட்டி போட ஒருவரும் வரவில்லை. (ஏன் வரவில்லை என்று யோசிக்கிறவன் ஏலத்துக்கே போகமாட்டான்.) மூன்றாவது தரம் சொல்லிச் சுத்தியல் விழுந்ததும், வேலு என்பவருடைய கைவண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி வீடு வந்தேன். "ஜட்ஜ் துரை தினம் காலையில் முதல் காரியமாக இதில்தான் உட்காருவாராம்" என்று அப்பாவுக்குச் சொன்னேன். அப்பாவுக்கு நாற்காலி பிடித்துவிட்டது. வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த வாக்கியத்தை ஒப்பித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோமளத்தைப் பார்க்க மகாதேவய்யர் வருவதாக இருந்தது. ரிடையரான தாசில்தார். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த இடத்தில் புது வீடு கட்டியவர். பிள்ளை பம்பாயில் வேலையாக இருந்ததால் அப்பா, அம்மா முடிவுதான் முடிவு. ஏழு பெண்களைப் பார்த்து ஏழு பேரையும் தள்ளியவர். ஆசாரம் என்றால் அப்படியொரு ஆசாரம். சொந்தக் கூஜாத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்கமாட்டார். பிள்ளையின் போட்டோவைக் கோமளம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். இந்த இடமும் தட்டிப்போனால் அப்பா படுத்துவிடுவார் என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, கடியாரத்தைக் கழட்டிட்டேன்" என்றாள் கோமளம். "இந்தத் தடவை நீ ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போறும்."

நான் ஒன்றும் பண்ணவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் நாற்காலிக்கு வார்னிஷ் மட்டும் பூசினேன். ஐப்பசி மாதம், வெளியே விடாத தூறல். காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகாதேவய்யர் மூன்றரை மணிக்கு வந்தார். அவர் மனைவியை அம்மா உள்ளே அழைத்துப் போனாள். கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தை அவர் கால் விரலால்கூடத் தொடவில்லை.

"ஜமக்காளம் விழுப்பு. யார் யார் உக்காந்ததோ" என்றார். கண் நாற்காலியின் மேல் விழுந்தது. "மரத்துக்குத் தோஷமில்லை. நான் இதுலயே உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது கொல்லைப்பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போனேன். கைவண்டி வேலு நின்றிருந்தார். கையில் ஒரு பெரிய வெள்ளை எனாமல் குண்டான்; இரண்டு காது, மேலே மூடி.

"சேரு ஷோக்கா கீதா சாமி? பட்லரு இத்தக் குட்த்துட்டு வரச் சொன்னாரு. சேரோட சேந்த சாமானாம்."

"இது எதுக்குப்பா?"

வேலு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெய்யாலுமே தெரியாதா நைனா? மேல் பலகையத் தூக்கினா ரவுண்டா ஓட்டை கீது. அதுக்கு அடியில இத்த வெப்பாங்கோ. துரை காலைல குந்துறது இன்னாத்துக்கு, பூசை பண்ணவா?"

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வேலு பேசிக்கொண்டே போனது தெரிந்தது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அவர் போனதும் குண்டானைக் கிணற்றடியில் வைத்து, ஒரு கூடையைக் கவிழ்த்து மூடினேன். கோமளத்தின் வாழ்க்கையை இரண்டாவது தடவையாக நானே நாசமாக்கிவிட்டேன் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது கோமளம் பாடிக்கொண்டிருந்தாள். மகாதேவய்யர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் நாற்காலி முனகியது. திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். இறுகிக் கிடந்த கொக்கி விட்டுப்போய்த் தொங்கியது. அவர் சற்று நகர்ந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. வார்னிஷ் காயவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேஷ்டியும் பலகையும் ஒன்றாகிவிட்டிருந்தன. மனுஷர் எழுந்தால் பலகையும் கூடவே எழும். கீழே வட்டமான ஓட்டை சபைக்குத் தரிசனம் கொடுக்கும். பாட்டு முடியவே கூடாது என்று கபாலீசுவரரை வேண்டிக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது.

"நாற்காலி பேஷா இருக்கே. எங்க வாங்கினேள்?" என்றார் மகாதேவய்யர்.

"பையன் அடையார்ல ஏலத்துல எடுத்தான்" என்று அப்பா ஆரம்பித்தார். நான் இருமினேன். இன்னும் பலமாக இருமினேன். அப்பாவா நிறுத்துவார்? "ஜட்ஜ் துரையோடது. தினம் காலம்பற மொதல் காரியமா இதுலதான் உக்காருவாராம். அரை மணி நேரம் யாரும் கிட்ட போகப்படாதாம்."

மகாதேவய்யரின் தாளம் நின்றது. கை மெதுவாக நாற்காலியின் பக்கவாட்டில் இறங்கியது. அடைப்பைத் தடவியது. தொங்கிய கொக்கியைத் தொட்டது. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன், வாசலுக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"நீங்கள்லாம் உள்ள போய்க் குழந்தைய ஸ்வாமிக்கு நமஸ்காரம் பண்ணச் சொல்லுங்கோ" என்றார். "பையன் மட்டும் இருக்கட்டும்."

எல்லோரும் போனார்கள். போகும்போது கோமளம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பின்னால வா" என்றார் தாழ்ந்த குரலில். "பலகையை அமுத்திப் பிடி. நான் எழுந்துக்கறேன்."

இரண்டு கையாலும் அமுக்கினேன். துணி கிழிவது போல ஒரு சத்தத்தோடு எழுந்தார். ஒரு மூலை என் பிடிக்குத் தப்பி மேலே வந்தது. உள்ளே இருந்ததை, அதாவது ஒன்றும் இல்லாத அந்த வட்டத்தை, இருவரும் பார்த்தோம். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"மூடு" என்றார். "கெணறு எங்க இருக்கு?"

கிணற்றடியில் கூடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை விழுங்கிவிட்டுக் கையைக் காட்டினேன். தூறலில், சாயங்காலம் நாலு மணிக்கு, பதினெட்டு வாளி தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். (நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். பயத்தில் எனக்கு எண்ணும் பழக்கம்.) கடைசி வாளியை வைக்கும்போது கூடை காலில் தட்டி உருண்டது. குண்டானை ஒரு கணம் பார்த்தார்.

"ஓ, இதுவும் வந்துடுத்தா" என்றார்.

உள்ளே அம்மா, சந்தியாவந்தனத்துக்கு எவ்வளவு சிரத்தை பாரு என்று அவர் மனைவியிடம் வியந்துகொண்டிருந்தாள். அப்பாவின் மடி வேஷ்டியைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"பொண்ணைப் பிடிச்சிருக்கு. தையில முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

அப்பா அழுதுவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தை வரை எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. எந்தத் தபால் வந்தாலும் மாம்பலத்திலிருந்து வந்த மறுப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றும். தாலி ஏறிய பிறகுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கோமளத்துக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள், மாம்பலம் வீட்டு ஊஞ்சலில் நானும் மகாதேவய்யரும் தனியாக இருந்தோம். துணிந்து கேட்டேன்: "மாமா, அன்னிக்கு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பது வருஷம் ஜமாபந்தி கேம்ப்புல கலெக்டர் துரைகளுக்குக் கூடாரம் போட்டுக் குடுத்தவன்டா நான். ஒவ்வொரு கூடாரத்துலயும் இது ஒண்ணு போட்டாகணும். கொக்கியத் தொட்டதுமே குலை நடுங்கிடுத்து."

"அப்பறமும் ஏன் சரின்னேள்?"

மாமா ஊஞ்சலை நிறுத்தினார். "பொண்ணு வேண்டாம்னு போயிருந்தா நீ மயிலாப்பூர் பூரா சொல்லியிருப்பே. அந்த மகாதேவன் எதுல உக்காந்தான் தெரியுமோன்னு நாலு மாட வீதியும் சிரிச்சிருக்கும். சம்பந்தியாயிட்டா நீ வாயைத் தெறக்க முடியாது பாரு. நீ பயந்ததைக் காட்டிலும் நான் ஜாஸ்தி பயந்தேன்டா."

கதவுக்குப் பின்னால் காபியோடு நின்ற கோமளம் அத்தனையும் கேட்டுவிட்டாள். மறைத்து வைக்க இனி ஒன்றுமில்லை. இன்றைக்கும் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில், சின்னது பெரியது எல்லாம் நாற்காலியின் அடியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காரும். அந்த நாளில் எங்கள் மாப்பிள்ளைக்குக் கோபம் வந்து, "இப்பவே உன்னை மயிலாப்பூருக்கு அனுப்பிச்சுடறேன்" என்று எப்போதாவது கத்தினால், கோமளம் அடுப்பிலிருந்து திரும்பக்கூட மாட்டாள்.

"நான் பாட்டுப் பாடி வந்தவ இல்லை" என்பாள். "வார்னிஷ்ல ஒட்டிண்டு வந்தவ. பிரிக்கணும்னா உங்கப்பாவைக் கேட்டுண்டு வாங்கோ, எவ்வளவு கஷ்டம்னு அவருக்குத்தான் தெரியும்."